முடிச்சுக்கு எந்த நாடு?

கள்ளர் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். உலகத்தில் முழுமையாக மிஞ்சியிருக்கும் மிகப் பழைய முடிச்சுக் கம்பளத்தின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

இடம் சைபீரியாவின் தெற்கே, மொங்கோலியா, சீனா, கசகஸ்தான் மூன்றும் ரஷ்யாவோடு முட்டிக்கொள்ளும் அல்த்தாய் மலை. அங்கே பாசிரிக் என்ற பள்ளத்தாக்கில் பெரிய கற்குவியல்கள் வரிசையாக இருக்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ றோட்டுப் போடக் கல் பறித்துவிட்டுப் போன மாதிரித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழி, குழிக்குள்ளே மரக்குற்றிகளால் கட்டிய ஓர் அறை, அறைக்குள்ளே குதிரை வளர்த்து வாழ்ந்த ஒரு கூட்டத்தின் தலைவர்கள். கிரேக்கர் ‘சிதியர்’ என்று எழுதிவைத்த மக்களுக்குக் கிட்டின சொந்தம் இவர்கள்.

புதைத்துக் கனகாலம் போகமுதலே கள்ளர் மேலிருந்து துளை போட்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். எடுக்கக்கூடிய உலோகத்தை எடுத்தார்கள், பிணங்களில் இருந்த நகைகளையும் கழற்றினார்கள். போகும்போது துளையை யார் மூடுவான்? மழைத்தண்ணீரும் பனி உருகின தண்ணீரும் உள்ளே போய்த் தேங்கின. மேலே குவித்த கற்கள் கோடை வெயிலைக் கீழே விடவில்லை, மாரிக் குளிரை மட்டும் இறக்கின. தேங்கின தண்ணீர் உறைந்து கட்டியாகி, பிறகு உருகவேயில்லை. ஆட்டுமயிர், தோல், மரம், மனிதத் தோலில் குத்திய பச்சை என்று சாதாரணமாக உக்கிப்போகிற எல்லாமே அந்தப் பனிக்கட்டிக்குள் 2000 வருடத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தன.

எங்கள் பக்கத்து மண்ணில் இது நடக்கவே நடக்காது. பொம்பரிப்புத் தாழிகளிலும் ஆனைக்கோட்டைப் புதைகுழியிலும் பானை மிஞ்சியது, எலும்பு மிஞ்சியது. அந்த மனிதர்கள் என்ன உடுத்தினார்கள், எதை விரித்துப் படுத்தார்கள் என்று காட்டத் துணி மிஞ்சவில்லை. வெப்பமும் ஈரமும் கறையானும் உள்ள நாடுகளின் வரலாறு பெரும்பாலும் கல்லாலும் ஓட்டாலும் எழுதப்பட்டது. அதனாலேயே பாசிரிக் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையான இடம்.

இந்த மேடுகளைத் தோண்டியவர் செர்கேய் ருடென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர். 1929இல் அவருடைய குழு முதலாவது மேட்டைத் திறந்தது. களத்தில் நின்று வேலை செய்தவர் மிகைல் கிரியாஸ்னோவ். பத்துக் குதிரைகள் சேணத்தோடு கிடைத்தன. அதில் ஒரு குதிரைக்கு மான்கொம்பு வைத்த முகமூடி! அடுத்த வருடம், 1930இல், ருடென்கோவைக் கைது செய்தார்கள். ஸ்டாலின் காலம். புத்திஜீவிகளைக் கூட்டமாக அள்ளிய வழக்குகளில் ஒன்றில் அவரும் அகப்பட்டு, வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கக் கைதிகளைக் கொண்டு வெட்டுவித்த கால்வாய் முகாமுக்குப் போனார். அங்கே நீரியல் வேலை பழகினார். வெளியே வந்த பிறகும் கொஞ்சக் காலம் அதுவே பிழைப்பு. பாசிரிக்குக்கு அவர் திரும்பி வந்தது 1947இல்தான். கிட்டத்தட்ட 18 வருடம் அந்தப் பனி அவருக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.

அவர்கள் பனியை வெட்டவில்லை. வெட்டினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வெட்டுப்படும். கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றி ஊற்றி, கரைந்த தண்ணீரை இறைத்து இறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார்கள். 1949இல் ஐந்தாவது மேட்டின் பனிக்குள்ளிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஒன்பது குதிரைகளும், நாலு பெரிய சில்லுகளோடு ஒரு மரவண்டியும் வந்தன. கூடவே அந்தக் கம்பளம்.

அளவில் பெரிதில்லை. 183 சென்ரிமீற்றருக்கு 200 சென்ரிமீற்றர், ஒரு சின்ன அறைக்குப் போடலாம். நடுவில் 24 கட்டங்கள், நாலுக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் தாமரை மொட்டுகளைக் குறுக்காக வைத்த மாதிரி ஒரு பூ. அதைச் சுற்றி ஒரு கரை, அதில் சிறகு முளைத்த மிருகங்கள். எங்கள் கோயில் தூணில் இருக்கும் யாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே 24 மான்கள், பக்கத்துக்கு ஆறாக, தலையைக் குனிந்து மேய்ந்தபடி வரிசையில் போகின்றன. உடம்பில் புள்ளி, தலையில் அகன்ற தட்டைக் கொம்பு. பிறகு ஒரு பூக்கரை. அதற்கு வெளியேதான் கம்பளத்தின் மிக அகலமான கரை: 28 குதிரைக்காரர், பக்கத்துக்கு ஏழு பேர். கடைசியாக விளிம்பில் திரும்பவும் அந்தச் சிறகு மிருகங்கள்.

குதிரைக்காரரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவன் குதிரைமேல் இருக்கிறான், அடுத்தவன் இறங்கிக் குதிரைக்குப் பக்கத்தில் நடக்கிறான், அதற்கு அடுத்தவன் திரும்பவும் மேலே. இப்படியே மாறி மாறிக் கம்பளத்தைச் சுற்றி வருகிறார்கள். மான்கள் ஒரு திசையில் போக, இவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். கண்ணை ஒரு கரையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் இரண்டு ஊர்வலங்கள் ஒன்றையொன்று கடந்து போகிற மாதிரி இருக்கும். குதிரைகளின் வாலை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், தலையில் கொண்டை மாதிரி அலங்காரம். இறங்கி நடக்கிறவனுடைய குதிரையின் முதுகு தெரிகிறதல்லவா, அந்த முதுகில் ஒரு விரிப்புக் கிடக்கிறது. கம்பளத்துக்குள் இன்னொரு கம்பளம்! நெய்தவர்களுக்குத் தாங்கள் செய்கிற பொருள் எங்கே போய்க் கிடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எப்படி நெய்தார்கள்? தறியில் பாவு இழுத்துக் கட்டி, பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு இழைகளைச் சேர்த்து ஒரு கம்பளி நூலால் முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டிவிட வேண்டும். ஒரு வரி முடிந்ததும் ஊடை ஓட்டி அடித்து இறுக்க வேண்டும். பிறகு அடுத்த வரி. வெட்டிய நுனிகள்தான் நாங்கள் காணும் படம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் ஏறத்தாழ 36 முடிச்சு. உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு இடத்துக்குள். முழுக் கம்பளத்துக்கும் 12 இலட்சத்துக்கு மேல் வரும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் நாளைக்கு 2500 முடிச்சுப் போடுவார் என்று வைத்தால், ஒரு நாளும் லீவு எடுக்காமல் 500 நாள். வரியைத் தவறவிட்டால் மானுக்கு ஐந்து கால் வந்துவிடும். இதைப் பார்த்த எவரும் இதுதான் மனிதர் நெய்த முதல் கம்பளம் என்று சொல்லமாட்டார்கள். இவ்வளவு தேறிய கைக்குப் பின்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் நெய்த எல்லாம் உக்கிப்போயிற்று.

நிறம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிற்கிறது, முக்கியமாகச் சிவப்பு. ஏன் மங்கவில்லை என்பதற்கு 2021இல் ஜேர்மனியின் எர்லாங்கன் - நியூரம்பேர்க் பல்கலைக்கழகத்தார் ஒரு விடை சொன்னார்கள். ஆட்டுமயிரைச் சாயத்தில் போடமுதல் புளிக்க வைத்திருக்கிறார்கள். அப்பத்துக்கு மாப் புளிக்க விடுகிறோமே, அதே விசயம். புளிக்கும்போது மயிரின் மேற்செதில்கள் தளர்ந்து திறக்கும், சாயம் மேலே ஒட்டாமல் உள்ளே இறங்கும். சிவப்பு எதிலிருந்து வந்தது என்பதில் ஆய்வாளருக்குள் இரண்டு கட்சி: ஒன்று மஞ்சிட்டி இன வேர் என்கிறது, மற்றது ஒருவகைப் பூச்சி என்கிறது. வேர் என்றவுடன் எங்களுக்கு மன்னாரும் யாழ்ப்பாணமும் ஞாபகம் வரும். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே சாயவேர் கிண்டுவது பாவப்பட்ட ஒரு பகுதி மக்களின் தலையில் கட்டாய ஊழியமாகக் கட்டப்பட்டிருந்தது. மஞ்சிட்டி இன வேரிலும் சாயவேரிலும் சிவப்பைக் கொடுக்கும் பொருள் ஒன்றுதான், அலிசரின். வடிவான சிவப்புத் துணியைப் பார்க்கும்போது வேர் கிண்டியவரின் விரல் ஞாபகத்துக்கு வருவது நல்லதென்று நினைக்கிறோம்.

சரி, இனிச் சண்டைக்கு வருவோம்.

இந்தக் கம்பளம் யாருடையது? கேள்வி கேட்டு முடியமுதல் மூன்று நாட்டுக்காரர் கை உயர்த்துவார்கள். துருக்கிக்காரர் சொல்கிறார்கள்: முடிச்சைப் பார், துருக்கி முடிச்சு. ஈரான்காரர் சொல்கிறார்கள்: குதிரைக்காரரைப் பார், பெர்சப்பொலிஸ் அரண்மனைப் படிக்கட்டில் குதிரையை நடத்திக்கொண்டு திறை கொடுக்க வருகிறவர்களைச் செதுக்கியிருக்கிறது, வால்முடிச்சுக்கூட அப்படியே. ஆர்மேனியப் பக்கம் நின்று வாதாடியவர் உல்ரிச் ஷூர்மன் என்ற ஜேர்மனியக் கம்பள நிபுணர். அந்தப் பக்கத்துக்கு அரராத் சமவெளிச் சிவப்புப் பூச்சியும் கை கொடுக்கும். ஆளுக்கொரு நூலைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள்.

துருக்கி முடிச்சு என்ற வாதம்தான் எங்களுக்கு மிகப் பலவீனமாகப் படுகிறது. கம்பள வியாபாரத்தில் இரண்டு முடிச்சு முக்கியம். ஒன்று இரண்டு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றும், மற்றது ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னால் மட்டும் போகும். முதலாவதுக்கு மேற்குத் துருக்கியில் உள்ள கோர்டெஸ் ஊரின் பெயர், இரண்டாவதுக்கு ஈரானில் உள்ள சென்னே ஊரின் பெயர். வியாபாரிகள் வைத்த பெயர்கள் இவை. இதில பகிடி என்னவென்றால், இன்றைக்குச் சனந்தாஜ் என்று அழைக்கப்படும் அந்தச் சென்னே ஊர் நெசவாளர் போடுவது பெரும்பாலும் ‘துருக்கி’ முடிச்சு! பாசிரிக் கம்பளம் நெய்யப்பட்டபோது கோர்டெஸ் பக்கத்தில் துருக்கியர் இல்லை. அனத்தோலியாவுக்கு அவர்கள் வந்தது பின்னால் 11ஆம் நூற்றாண்டில். கடைக்காரன் ஒட்டின லேபிளைப் பார்த்து 2000 வருடத்துக்கு முந்திய கைக்கு இனம் சொல்வது எந்த வகை வரலாறு?

பாரசீக வாதம் இதைவிடக் கனமானது. நடுவில் உள்ள தாமரைக் கட்டங்களுக்கு ஒத்த டிசைன் அதற்கும் முந்திய அசீரிய அரண்மனைகளின் வாசற்படிக் கற்களில் இருக்கிறது. கம்பளத்தில் இருக்கும் புள்ளி மான் வகை அல்த்தாயில் வாழ்வதில்லை, அதன் ஊர் மேற்காசியா. ருடென்கோவும் அந்தப் பக்கம்தான் கை காட்டினார். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மேட்டைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்று கணித்திருந்தார். பிறகு அறை மரங்களின் வளையங்களை எண்ணியும் கதிர்க்கரிம முறையில் அளந்தும் பார்த்தபோது ஐந்தாவது மேடு கி.மு. 3ஆம் நூற்றாண்டளவுக்கு இறங்கிவிட்டது. எங்களுக்கு விளங்குவதற்குச் சொன்னால், ஏறக்குறைய அசோகர் காலம். ஆனால் அலெக்சாந்தர் பாரசீகப் பேரரசை முடித்தது கி.மு. 330இல். அப்படியென்றால் ஒன்று, கம்பளம் புதைக்கும்போதே பழசாக இருந்திருக்க வேண்டும். அல்லது பேரரசு போன பிறகும் அதன் உருவங்களை மறக்காத யாரோ, எங்கேயோ மத்திய ஆசியாவில், நெய்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவதில் சாய்வு உண்டு. அரசு விழுந்த அன்றைக்கே நெசவாளர் தறியைக் கழற்றிவிடுவார்களா என்ன?

குதிரைக்காரர் பாரசீகச் சாயல் என்றால் நெய்தவர் பாரசீகர் என்று ஆகிவிடாது. அதே ஐந்தாவது மேட்டில் சேணத்துக்கு மேல் போட்ட ஒரு சீனப் பட்டுத் துணி கிடைத்தது, பறவைகளும் கிளைகளும் தையல் வேலையாக. வரிசையில் நடக்கும் சிங்கங்கள் நெய்த ஒரு கம்பளிப் பட்டியும் கிடைத்தது, அது தெளிவாகப் பாரசீக வேலை. அதைக் குதிரையின் நெஞ்சுப்பட்டியில் தைத்திருந்தார்கள். அரச சபைக்கு நெய்த சிங்கம் அல்த்தாயில் குதிரையின் வேர்வைக்குப் போயிருக்கிறது! கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்ததையெல்லாம் இந்த மனிதர்கள் பயமோ பக்தியோ இல்லாமல் எடுத்துத் தங்கள் தேவைக்கு வெட்டித் தைத்தார்கள். ‘நாடோடிகளுக்கு என்ன தெரியும், எல்லாம் வெளியிலிருந்து வந்தது’ என்ற பழைய எழுத்துகளின் தொனி இங்கேதான் பிழைக்கிறது.

அவர்களுடைய சொந்த வேலைக்கும் சாட்சி அதே குழியில் உண்டு. தறியில்லாமல், ஆட்டுமயிரை நனைத்து உருட்டி அமுக்கிச் செய்யும் தடித்த கம்பளியில் ஒரு பெரிய திரை, 4.5 மீற்றருக்கு 6.5 மீற்றர். நிறக் கம்பளியில் உருவங்கள் வெட்டி அதன்மேல் தைத்திருக்கிறது. ஆசனத்தில் இருக்கும் ஓர் உருவம், தெய்வமோ அரசியோ, கையில் பூத்த கிளை. எதிரே ஒரு குதிரைக்காரன்: சுருண்ட தலைமயிர், மீசை, பின்னால் பறக்கும் சால்வை. இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. முடிச்சுக் கம்பளத்துக் குதிரைக்காரர் 28 பேரும் ஒரே ஆள் மாதிரி அடக்கமாக நடக்கிறார்கள், அரசனுக்கு முன்னால் போகிற நடை. இவன் அப்படியில்லை, தன் பாட்டில் வருகிறான். எது வடிவு என்று கேட்டால் எங்களுக்கு இந்தத் திரைதான். ஆனால் புத்தக அட்டைக்கும் தபால் முத்திரைக்கும் போவது கம்பளம்.

ஏனென்றால் திரையை யாரும் உரிமை கோரிச் சண்டை பிடிக்கவில்லை. நவீன நாடு ஒன்றின் பெயரை அதில் ஒட்ட இடமில்லை. பழைய பொருள் ஒன்று பிரபலமாவதற்கு அது எவ்வளவு வடிவு என்பது மட்டும் காணாது, யாருக்கோ அது உறுதியாகப் பயன்பட வேண்டும், காணி உறுதி மாதிரி. இதை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்துச் சிரிக்க முடியாது. எங்கள் நாட்டில் காட்டுக்குள் நாலு பழைய செங்கல் தெரிந்தால் முதலில் வருகிற கேள்வி ‘இது எந்தக் காலம்’ என்பதில்லை, ‘இது எவையின்ர’ என்பதுதான். தொல்லியல் என்று எழுதின பலகை நட்டவுடன் பக்கத்து வயல்காரருக்கு நித்திரை போகிறது. எங்கட ஆக்களும் சும்மா இல்லை, ஒரு பானை ஓடு கிடைத்தால் அதிலிருந்து ஒரு பேரரசைக் கட்டி அன்றிரவே பேஸ்புக்கில் ஏற்றிவிடுகிறோம். பானை வனைந்தவர் யார், என்ன சமைத்தார் என்று கேட்கப் பொறுமை இருப்பதில்லை. அடுத்தவன் எங்கள் நிலத்துக்கு உறுதி எழுதிக்கொண்டு வரும்போது நாங்கள் மட்டும் பானையை ரசித்துக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்டால், அதற்கும் எங்களிடம் லேசான பதில் இல்லை.

பாசிரிக் சண்டையில் ஒருவருடைய கை மட்டும் உயரவே இல்லை: அந்த மேடுகளுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஆடும் குதிரையும் வளர்த்து வாழும் அல்த்தாய் மக்கள். கம்பளமும் திரையும் வண்டியும் பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி, சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஹெர்மிற்றேஜ் நூதனசாலையில் இருக்கின்றன. அவர்கள் வாய் திறந்தது வேறொரு விசயத்துக்கு. 1993இல் நத்தாலியா பொலஸ்மாக் என்ற தொல்லியலாளர் அல்த்தாயின் உகொக் பீடபூமியில், கள்ளர் தொடாத ஒரு பனிக் கல்லறையிலிருந்து பச்சை குத்திய ஓர் இளம் பெண்ணின் உடலை எடுத்தார். பட்டுச் சட்டை, கம்பளிப் பாவாடை. உடலை நோவசிபீர்ஸ்க்குக் கொண்டுபோனார்கள். அல்த்தாயில் கனபேருக்கு அது மூத்தவள் ஒருத்தியைக் களவாகத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. 2003இல் பெரிய பூமிநடுக்கம் வந்தபோது அவளைக் கிளப்பினதால்தான் என்று சொன்னார்கள். இரத்த உறவு இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டு இருக்க, கோரிக்கை ஓயவில்லை. 2012இல் அவள் கோர்னோ-அல்த்தாய்ஸ்க் நூதனசாலைக்குத் திரும்பி வந்தாள். அதோடும் முடியவில்லை. கண்ணாடிப் பெட்டி வேண்டாம், திரும்ப மண்ணுக்குள் வையுங்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அல்த்தாய்க்காரர் கேட்டது பெருமையை அல்ல, அடக்கத்தை. உரிமை கோரலில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது.

கடைசியாக ஒரு துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மேடு திறந்த அடுத்த வருடம், 1950இல், ருடென்கோ அதே மலைப் பகுதியில் பஷாதார் என்ற இடத்தில் இன்னொரு மேட்டைத் தோண்டினார். பாசிரிக்கை விடப் பழையது. அங்கே ஒரு சேணத்தோடு முடிச்சுக் கம்பளத்தின் சின்னத் துண்டு ஒன்று கிடைத்தது. எண்ணிப் பார்த்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 70 முடிச்சு, பாசிரிக் கம்பளத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நுட்பம். எங்கேயோ யாரோ மாதக்கணக்காக, வருடக்கணக்காக இருந்து நெய்த ஒன்றை வேறு யாரோ வெட்டிச் சேணத்துக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் போடப்பட்டிருப்பது கோர்டெஸ் முடிச்சும் அல்ல, மற்ற முடிச்சு. ஆனால் இந்தத் துண்டுக்காக இதுவரை ஒரு நாடும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. அதில் குதிரைக்காரன் இல்லை.